பொறுப்பேற்கும் முன் ஒரு மின்துண்டிப்பு

2012 டிசம்பர் 22. நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் நெட்வொர்க் ஸ்விட்சுகளில் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நடுவில் சுமார் 90 விநாடி, சர்வர்களுக்கு இடையிலான போக்குவரத்து ஏறக்குறைய முழுதாக நின்றது. அது இழுத்துவிட்ட வினையைச் சரிசெய்ய 5 மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

கோப்புகளைச் சேமிக்கும் சர்வர்கள் அங்கே ஜோடி ஜோடியாக இயங்கின. ஒன்று வேலை பார்க்கும். அதன் டிஸ்க்கில் எழுதப்படுவதை டிஆர்பிடி என்ற மென்பொருள் மற்றதிலும் எழுதிவைக்கும். ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று இரண்டும் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்ளும். செய்தி நின்றால், காத்திருக்கும் சர்வர் பொறுப்பேற்கும்.

சிக்கல் இங்கேதான். செய்தி வராததால் சர்வர் செத்துவிட்டது என்றாகாது. இடையில் ஒரு ஸ்விட்ச் பழுதாகியிருக்கலாம். காத்திருக்கும் சர்வருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரண்டுமே பொறுப்பில் இருந்தால்? ஒரே டிஸ்க்கைப் பகிரும் அமைப்பில், எந்த இடம் காலி என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். ஒன்று ஓரிடத்தில் கோப்பை எழுதும். அதை அறியாத மற்றது, அதே இடம் காலி என்று நம்பி வேறொன்றை எழுதும். உடனே பிழைச் செய்தி வர வேண்டும் என்பதில்லை. பல நாள் கழித்து யாரோ கோப்பைத் திறக்கும்போது குட்டு வெளிப்படும். அதற்குள் பேக்கப்பிலும் கெட்ட தரவே ஏறியிருக்கலாம். டிஸ்க்குகள் தனித்தனி என்றால் இரு நகல்களும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். இரண்டும் பொறுப்பில் இருக்கும் இந்த நிலையை ஸ்ப்ளிட் பிரெயின் என்பார்கள். தளம் முடங்குவதைவிடக் கொடியது இது.

இதற்குத் தடுப்பு ஃபென்சிங். எதிர் சர்வரின் மின்சாரத்தை முதலில் துண்டிக்க வேண்டும். அது நின்றது உறுதியான பிறகே டிஸ்க்கைத் தொடலாம். உறுதியாகாவிட்டால், சேவை நின்றாலும் சரி, தொடக் கூடாது. சோதனையில் தொந்தரவாக இருக்கிறது என்று ஃபென்சிங்கை நிறுத்திவிட்டு இத்தகைய சர்வர் கூட்டத்தை (கிளஸ்டரை) ஓட்டுவது, பிறர் தரவோடு விளையாடுவது.

கிட்ஹப்பில் நெட்வொர்க் திரும்பியதும், சில ஜோடிகளில் இரண்டு சர்வர்களும் ஃபென்சிங் செய்து ஒன்றையொன்று நிறுத்திவிட்டன. பொறியாளர்கள் தளத்தை மூடிவைத்து, கடைசியாகப் பொறுப்பில் இருந்தது எது என்று பதிவேடுகளில் தேடி, ஜோடி ஜோடியாக மீட்டார்கள். மெதுவான வழிதான்; தரவைக் காப்பாற்றும் வழியும் அதுவே.

மூன்றாவது சர்வர் ஒன்று இருந்தால் இந்த இழுபறி குறையும்: மூன்றில் இரண்டு ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் அவற்றுக்கே அதிகாரம், தனித்துப்போனது ஒதுங்கிவிடும். இன்னொரு காவல் டிஸ்க்கிலேயே உண்டு. ஸ்கஸி ரிசர்வேஷன் முறையில் ஒவ்வொரு சர்வரும் தன் சாவியைப் பதிந்துவைக்கும். பொறுப்பேற்கும் சர்வர் பழையதன் சாவியை நீக்கிவிடும். உறைந்து கிடந்த பழைய சர்வர் விழித்து, பாதியில் விட்டதை எழுத வந்தால், டிஸ்க்கே அதை மறுத்துவிடும்.