விதியும் வினைமுற்றும்: நிலத்தடி எரிவாயுச் சேமிப்புப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவில் இயற்கை எரிவாயுவை நிலத்தடியிற் சேமித்துவைக்கும் இடங்கள் ஏறத்தாழ 400 உள்ளன. நியூயோர்க் மாநிலத்தின் சோர் என்னுமிடத்தில் 1916இல் தொடங்கிய இந்நடைமுறை நூறாண்டு நிறைவுற்ற பின்னரே, அதாவது 2016 டிசெம்பரிலேயே, இக்கிணறுகளின் நிலத்தடிப் பகுதிக்கான முதலாவது சமஷ்டிப் பாதுகாப்பு விதி வெளிவந்தது. இத்தாமதம் ஏன் நேர்ந்தது, இறுதியில் வந்த விதி எத்தகையது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டமும் ஓர் உரையே; எனவே அதனை ஆக்கியோர் யாவர், அதன் வாக்கியங்கள் எவ்வினைமுற்றில் முடிகின்றன என்ற வினாக்களை அதன்பால் எழுப்புவதும் பொருத்தமானதே.

1. சேமிப்பின் தன்மை

எரிவாயுவின் தேவை பருவத்துக்குப் பருவம் வேறுபடுவது. கோடையில் மலிவாகக் கிடைப்பதை நிலத்தினுள் அழுத்திச் செலுத்திக் குளிர்காலத்தில் மீளப் பெறுதலே சேமிப்பின் பொருளாதார அடிப்படையாகும். எண்ணெய் அல்லது வாயு வற்றிய பழைய பாறைப் படிவுகளே இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன. நீர்தாங்கு படிவுகளும் உப்புக் குகைகளும் எஞ்சியவை. வற்றிய படிவு மலிவானது. கிணறுகள் அங்கே முன்னரே தோண்டப்பட்டுள்ளன. ஆனால் அம்மலிவிலேயே ஆபத்தும் தங்கியுள்ளது. எண்ணெய் எடுப்பதற்கென அமைந்த கிணறு, உயர்ந்த அழுத்தத்தை ஆண்டுதோறும் ஏற்றும் இறக்கியும் தாங்குவதற்கென அமைந்ததன்று.

கிணற்றின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். வெளியே உருக்கினாலான உறைக்குழாய். அதனுள்ளே அதனினும் சிறிய உட்குழாய். வாயு உட்குழாயினூடாக மட்டும் செல்லுமாயின், அது பழுதுற்றாலும் உறைக்குழாய் இரண்டாவது அரணாக நிற்கும். இரண்டினூடாகவும் வாயுவைச் செலுத்தினால் குறுகிய நேரத்தில் கூடுதலான வாயுவை எடுக்கலாம்; ஆனால் உறைக்குழாய் ஒன்றே அரணாக எஞ்சும்.

2. அலிசோ கன்யன்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடமேற்கு எல்லையில், போர்ட்டர் ராஞ்ச் என்னும் குடியிருப்புக்கு அண்மையில் உள்ள அலிசோ கன்யன், கலிபோர்ணியாவின் மிகப் பெரிய சேமிப்பிடம். சதர்ன் கலிபோர்ணியா காஸ் கம்பனி இதனை நடத்துகிறது. இங்குள்ள எஸ்.எஸ். 25 என்னும் கிணறு 1953இல் எண்ணெய்க்கெனத் தோண்டப்பட்டு, 1973இல் வாயுச் சேமிப்புக்கு மாற்றப்பட்டது. அதிலிருந்த நிலத்தடிப் பாதுகாப்பு வால்வு 1979இல் அகற்றப்பட்டது, வேறொன்று பொருத்தப்படவில்லை. வாயு இரு குழாய்களினூடாகவும் சென்றது.

2015 ஒக்டோபர் 23இல் கசிவு கண்டறியப்பட்டது. கிணற்றை மேலிருந்து அடைக்க மேற்கொண்ட ஏழு முயற்சிகளும் தோல்வியுற்றன. அருகே தோண்டிய மற்றொரு கிணறு அடியாழத்தில் அதனைச் சென்றடைந்த பின்னரே, 2016 பெப்ரவரி 18இல், கிணறு நிரந்தரமாக மூடப்பட்டதென அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் வெளியேறிய மெதேன் சுமார் 97,000 மெற்றிக் தொன். தலைவலி, குமட்டல், மூக்கிலிருந்து குருதி வடிதல் ஆகியவற்றால் மக்கள் அல்லலுற்றனர். ஏறத்தாழ 8,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இரு பாடசாலைகள் வேறிடங்களில் இயங்கின.

பிளேட் எனர்ஜி நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வறிக்கை காரணத்தைத் தெளிவுறுத்தியது. ஏறத்தாழ 890 அடி ஆழத்தில் உறைக்குழாயின் வெளிப்புறம் நிலத்தடி நீராலும் நுண்ணுயிர்களாலும் அரிக்கப்பட்டு வெடித்திருந்தது. அவ்வறிக்கையின் மற்றொரு முடிபு அதனினும் முக்கியமானது. அதே சேமிப்பிடத்தில் முன்னர் அறுபதுக்கு மேற்பட்ட உறைக்குழாய்ச் சேதங்கள் நிகழ்ந்திருந்தும், அவற்றின் காரணம் ஆராயப்படவில்லை. பழுது பார்க்கப்பட்டது, பழுதுக்கான காரணம் பார்க்கப்படவில்லை. கிணறுகளை முறையாகப் பரிசோதிக்கும் திட்டமொன்றை 2014இல் கம்பனியே முன்மொழிந்தது. அதற்கான செலவை நுகர்வோரின் கட்டணத்திற் சேர்க்க அரச ஆணைக்குழுவிடம் அனுமதி கோரியிருந்தது. ஆபத்து அறியப்படாத ஒன்றன்று. அறிந்த ஆபத்தின் செலவை யார் ஏற்பது என்பதே தீராதிருந்தது.

3. விதியின்மையின் வரலாறு

அலிசோ கன்யன் முதலாவது விபத்தன்று. கான்சாஸ் மாநிலத்தின் யாகி என்னுமிடத்தில், உப்புக் குகையொன்றின் கிணற்று உறையிலிருந்து கசிந்த வாயு நிலத்தடியே ஏறத்தாழ 11 கிலோமீற்றர் சென்று, 2001 ஜனவரி 17இல் ஹச்சின்சன் நகரின் நடுவே வெடித்தது. மறுநாள், நகர்த்தக்கூடிய மலிவு வீடுகள் நிறைந்த குடியிருப்பொன்றில் நிகழ்ந்த வெடிப்பில் இருவர் மாண்டனர். கான்சாஸ் மாநிலம் தானாக விதிகளை இயற்றியது. ஆனால் மாநில எல்லைகளைக் கடந்து வாயு அனுப்பும் சேமிப்பிடங்களுக்கு விதி செய்யும் உரிமை சமஷ்டி அரசுக்கே உரியதென 2010இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமஷ்டி அரசோ கிணற்றின் நிலத்தடிப் பகுதிக்கு விதி எதனையும் செய்திருக்கவில்லை. 1997இல் ஓர் ஆலோசனை அறிக்கை விடுத்ததோடு அமைந்துவிட்டது. எனவே, உரிமை உடையவர் விதி செய்யவில்லை. விதி செய்தவருக்கு உரிமை இல்லை.

ஹச்சின்சனில் இருவர் மாண்டும் பதினைந்து ஆண்டுகளாக வராத சமஷ்டிச் சட்டம், போர்ட்டர் ராஞ்ச் கசிவு கண்டறியப்பட்ட எட்டு மாதங்களுள், 2016 ஜூன் 22இல், கையெழுத்தாயிற்று. போர்ட்டர் ராஞ்ச் வசதி படைத்தோரின் குடியிருப்பு என்பது இங்கு நோக்கத்தக்கது. வர்க்க நிலை ஒன்றே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனல் எளிமைப்படுத்தலாகும். கசிவின் பேரளவும், காலநிலை மாற்றம் பற்றிய விழிப்பும், குடியிருப்பாளரின் தொடர்ந்த போராட்டமும் பங்காற்றின. எனினும் எவருடைய துன்பம் அரசின் செவிக்கு விரைந்து எட்டுகிறது என்ற வினாவை இவ்வொப்பீடு எழுப்பாமலில்லை.

4. ‘வேண்டும்’ எனலும் ‘நன்று’ எனலும்

இரண்டாண்டுகளுள் குறைந்தபட்ச விதிகளை ஆக்குமாறு அச்சட்டம் பணித்தது. பொறுப்பேற்ற சமஷ்டிக் குழாய்வழிப் பாதுகாப்பு நிருவாகம் புதிதாக ஓர் உரையை எழுதவில்லை. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம், அதாவது தொழிற்றுறையின் சொந்தச் சங்கம், கசிவுக்குச் சற்று முன்னர் 2015இல் வெளியிட்ட இரு நடைமுறை நூல்களையே சட்டமாக ஏற்றுக்கொண்டது. உப்புக் குகைகளுக்கு 1170 என்னும் எண்ணுடையது. ஏனைய படிவுகளுக்கு 1171.

இந்நூல்களில் இருவகை வாக்கியங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் ‘ஷல்’ என வருவது கட்டாயம். ‘ஷுட்’ என வருவது பரிந்துரை. தமிழில் முன்னதைச் ‘செய்தல் வேண்டும்’ எனவும் பின்னதைச் ‘செய்தல் நன்று’ எனவும் கொள்ளலாம். விதித்தலும் வேண்டலும் ஒரே வியங்கோள் வடிவில் அமையக்கூடும் என்பதை நம் இலக்கண மாணவர் அறிவர். இலக்கியத்தில் அந்நெகிழ்ச்சி ஓர் அழகு. பாதுகாப்பு விதியிலோ அது ஒரு வாயில். 2016 டிசெம்பரில் வெளிவந்த இடைக்கால விதி அவ்வாயிலை அடைக்க முயன்றது. ‘நன்று’ என்றவற்றையும் ‘வேண்டும்’ எனவே கொள்க. பின்பற்றாதவிடத்துத் தொழில்நுட்பக் காரணத்தை எழுத்திற் பதிக எனப் பணித்தது.

நான்கு தொழிற்றுறைச் சங்கங்கள் மீள்பரிசீலனை கோரின. மூலநூலை ஆக்கிய பெற்றோலிய நிறுவகமும் அவற்றுள் ஒன்று. அவற்றின் வாதத்தை நேர்மையாக நோக்குதல் வேண்டும். கிணறுகள் ஒன்றுபோல் அமைந்தவையல்ல. பரிந்துரையெனக் கருதி எழுதியதை ஆணையாக மாற்றினால் பயனற்ற ஆவணங்களே பெருகும் என்பது அவ்வாதம். அதில் உண்மை ஓரளவு உண்டு. ஆயின் இடைக்கால விதி விலகலைத் தடுக்கவில்லை. விலகலுக்குக் காரணம் கூறுமாறே கேட்டது. 2017 ஜூனில் நிருவாகம் அப்பகுதியின் அமுலாக்கத்தை நிறுத்திவைத்தது. 2020 பெப்ரவரியில் வந்த இறுதி விதி மூலநூல்களின் வினைமுற்றுகளை இருந்தவாறே ஏற்றது. ‘நன்று’ மீண்டும் ‘நன்று’ ஆயிற்று.

இறுதி விதியால் விளைந்த பயனையும் மறுப்பதற்கில்லை. சமஷ்டி விதியே இல்லாதிருந்த நிலை ஒழிந்தது. 2027 மார்ச் 13க்குள் எல்லாக் கிணறுகளினதும் ஆபத்து மதிப்பீடு நிறைவுற வேண்டுமெனவும், அவற்றுள் 40 சதவீதம் 2024 மார்ச்சுக்குள் முடிய வேண்டுமெனவும் கால எல்லை வகுக்கப்பட்டது. பரிசோதனைச் செலவுக்கான கட்டணத்தைக் கம்பனிகளிடம் அறவிடவும் 2016ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. 1802க்கும் 1833க்கும் இடையே ஐந்து தொழிற்சட்டங்களை நிறைவேற்றிய பிரித்தானியப் பாராளுமன்றம், அவற்றை நடைமுறைப்படுத்தப் பணம் எதுவும் ஒதுக்கவில்லை என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிற் சுட்டிக்காட்டுவார். அவ்வகையில் இது ஒரு முன்னேற்றமே.

கலிபோர்ணியா மேலும் ஒரு படி சென்றது. 2018 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் விதி, ஓர் உறுப்புப் பழுதுற்றதும் வாயு கட்டின்றி வெளியேறும் அமைப்பை ஏற்க மறுத்தது. இரு அரண்கள் வேண்டும் என்றது. தனியொரு அரணை நம்பிய கிணறுகளைப் படிப்படியாக ஒழிக்குமாறு 2016 ஒக்டோபரில் சமஷ்டிச் செயலணியும் பரிந்துரைத்திருந்தது. ஒரே கருத்து ஓரிடத்தில் பரிந்துரையாகவும் மற்றோரிடத்தில் ஆணையாகவும் நிலைபெற்றமை ஊன்றி நோக்கற்பாலது.

5. முடிவுரை

கசிவை உரிய நேரத்தில் அறிவிக்காத குற்றச்சாட்டில் கம்பனி 2016இல் ஒப்புக்கொண்ட தொகை 40 இலட்சம் டொலர். 35,000க்கு மேற்பட்ட வழக்காளருக்கு நட்டஈடாக 2021இல் இணங்கிய தொகையோ 180 கோடி டொலர் வரையிலானது. காலந்தாழ்த்திய பாதுகாப்பின் விலை இவ்விரண்டாவது எண்ணில் தெரிகிறது. அதுவும் சமூகம் உரத்துக் கேட்டமையாற் கிடைத்தது. அலிசோ கன்யன் 2017 யூலையில் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

உற்பத்திச் சாதனங்களை உடையோரே அவற்றின் ஆபத்துப் பற்றிய அறிவையும் உடையோராயிருக்கும் வரை, பாதுகாப்பு விதியின் முதல் வரைவு அவர்களுடையதாகவே இருக்கும். அவ்வரைவின் ஒவ்வொரு ‘நன்று’ம் ‘வேண்டும்’ ஆவது, கிணற்றருகே வாழ்வோரும் அதில் உழைப்போரும் அவ்வுரையைத் தாமே வாசித்து, அதன் வினைமுற்றைக் கேள்விக்குட்படுத்தும் அளவைப் பொறுத்தது.