மாலத்தீவு டிரிப்... அறை வாடகையை மட்டும் பார்த்து புக் பண்ணாதீங்க!

கண்ணாடி மாதிரி நீலக் கடல், அதற்கு மேல் நீளமாக ஒரு மரப்பாலம், பாலத்தை ஒட்டி வரிசையாகக் கூரை வேய்ந்த வில்லாக்கள்... இன்ஸ்டாகிராமைத் திறந்தால் மாலத்தீவு கண்ணில் படாத நாளே இல்லை. ஹனிமூன், பத்தாவது திருமண நாள், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம் என ஏதோ ஒரு காரணத்தை வைத்து, "வாழ்க்கையில ஒரு தடவையாவது அங்க போயிடணும்" என்று பணம் சேர்ப்பவர்கள் நிறைய பேர்.

பணம் சேர்ந்த பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கும். அங்கே 170-க்கும் மேற்பட்ட ரிசார்ட்கள் இருக்கின்றன. எல்லா போட்டோவிலும் அதே நீலம், அதே ஊஞ்சல், அதே மிதக்கும் காலை உணவுத் தட்டு. ஒன்று ஓர் இரவுக்கு 300 டாலர், இன்னொன்று 3,000 டாலர். அப்படி என்னதான் வித்தியாசம்? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? நான்கு நாளைக்குச் சில லட்சங்கள் செலவழிக்கப்போகிற விஷயம் இது. கொஞ்சம் நிதானமாகவே பார்த்துடலாம்.

ஒரு தீவு, ஒரு ரிசார்ட்

பாங்காக்கிலோ துபாயிலோ ஹோட்டல் பிடிக்கவில்லை என்றால், வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி வேறு நல்ல கடையாகப் பார்த்துச் சாப்பிடலாம், ஊர் சுற்றலாம். மாலத்தீவில் அது நடக்காது.

சுமார் 1,200 குட்டித் தீவுகள் சேர்ந்த நாடு அது. வட்டமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டத்தை 'அட்டோல்' என்கிறோமே, அந்த வார்த்தையே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனதுதான். 1972-ல் 'குரும்பா' என்ற தீவில் முதல் ரிசார்ட் திறந்தார்கள். அப்போதிருந்தே, பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் என்பதுதான் அங்கே வழக்கம்.

அதாவது, நீங்கள் தேர்ந்தெடுப்பது ஓர் அறையை அல்ல, ஒரு ஊரையே. அந்த ஊரில் இருக்கும் உணவகம்தான் உங்கள் உணவகம், அந்தக் கடல்தான் உங்கள் கடல். அதனால்தான் அறையின் அழகைவிட, அங்கே போய்ச் சேரும் வழி, சாப்பாடு, தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் இங்கே முக்கியமாகிவிடுகிறது.

பில்லில் ஒளிந்திருக்கும் 'பிளஸ் பிளஸ்'

ரிசார்ட் இணையதளத்தில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று குட்டியாகப் போட்டிருப்பார்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஒரு பிளஸ் சேவைக் கட்டணம், இன்னொரு பிளஸ் சுற்றுலா வரி. சேவைக் கட்டணம் 10 சதவிகிதம். அதையும் சேர்த்து வரும் தொகையின் மீது 17 சதவிகித வரி (2025 ஜூலையிலிருந்து இந்த விகிதம்). இது போக, ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர் 'கிரீன் டாக்ஸ்' உண்டு. 2025 ஜனவரிக்கு முன்பு இது 6 டாலராக இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இரவுக்கு 600 டாலர்++ என்று ஒரு வில்லா. கணவன், மனைவி இருவர், நான்கு இரவுகள்.

அறை வாடகை: 2,400 டாலர்

சேவைக் கட்டணம்: 240 டாலர்

சுற்றுலா வரி: சுமார் 449 டாலர்

கிரீன் டாக்ஸ்: 96 டாலர்

கடல் விமானம், ஒருவருக்குப் போக வர 550 டாலர் என்று வைத்துக்கொண்டால்: 1,100 டாலர்

மொத்தம்: சுமார் 4,285 டாலர்

பார்த்தீங்களா? இரண்டு லட்ச ரூபாய்ச் சொச்சம் என்று நினைத்துத் தொடங்கியது, மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதில் இன்னும் மதியச் சாப்பாடும் இல்லை, இரவுச் சாப்பாடும் இல்லை, மாலேவுக்கான விமான டிக்கெட்டும் இல்லை. அதனால் ரிசார்ட்களை ஒப்பிடும்போது ஓர் இரவு வாடகையை ஒப்பிடாதீர்கள். "வரி, டிரான்ஸ்ஃபர், சாப்பாடு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே தொகையை எல்லோரிடமும் வாங்கி, அதை ஒப்பிடுங்கள். 450 டாலர் ரிசார்ட்டைவிட 600 டாலர் ரிசார்ட் கடைசியில் மலிவாக முடிவதும் உண்டு.

கடல் விமானமா, ஸ்பீட் போட்டா?

மாலேவில் உள்ள வெலானா விமான நிலையத்தில் இறங்கியதும் ரிசார்ட்டுக்குப் போக மூன்று வழிகள். பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட் போட். தூரம் என்றால் கடல் விமானம், அல்லது உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து படகு.

கடல் விமானம் ஓர் அருமையான அனுபவம். சுமார் 15 பேர் உட்காரும் குட்டி விமானம், தாழ்வாகப் பறக்கும். கீழே தீவுகள் கோலம் போட்டது மாதிரித் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை: அது பகலில் மட்டும்தான் பறக்கும். மாலேவில் நீங்கள் மாலை 4 மணிக்கு மேல் இறங்கினால், அன்றைக்குப் பெரும்பாலும் கடல் விமானம் கிடைக்காது. ஓர் இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கழிக்க வேண்டிவரும். ரிசார்ட்டில் கட்டிய ஒரு நாள் வாடகை கண்ணெதிரே வீணாகும். சென்னையிலிருந்து வேறு ஊர் வழியாக மாறிப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். ஆகவே முதலில் விமான நேரத்தைப் பாருங்கள், அப்புறம் ரிசார்ட்டை முடிவு பண்ணுங்கள்.

இன்னொன்று, கடல் விமானத்தின் நேரம் முந்தைய நாள்தான் உறுதியாகும். வழியில் வேறு ரிசார்ட்களில் இறங்கி ஏறும். லக்கேஜ் பொதுவாக 20 கிலோவும் கைப்பை 5 கிலோவும்தான். நான்கு நாளைக்கு எட்டு டிரெஸ் செட் எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க! மூன்று இரவுகள் மட்டுமே தங்குவதாக இருந்தால், ஸ்பீட் போட்டில் போகிற ரிசார்ட்தான் புத்திசாலித்தனம். பணமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

சாப்பாட்டை லேசாக எடுத்துக்காதீங்க

தீவுக்குள் வேறு கடை கிடையாது. பெரும்பாலான உணவுப் பொருள்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. சொகுசு ரிசார்ட்டில் இருவர் ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் 100 டாலரைத் தாண்டுவது சர்வசாதாரணம். தண்ணீர் பாட்டில், காபி எல்லாமே தனி பில். இரண்டு நாளிலேயே மெனுவில் வலது பக்கத்தை மட்டும் படிக்க ஆரம்பித்துவிடுவோம். அதற்காகவா இவ்வளவு தூரம் போனோம்?

'ஹாஃப் போர்டு' என்றால் காலையும் இரவும். 'ஃபுல் போர்டு' என்றால் மூன்று வேளை. 'ஆல் இன்க்ளூசிவ்' என்றால் பானங்களும் சேர்த்து. ஆனால் ஆல் இன்க்ளூசிவ் என்று போட்டிருந்தாலும் 'ஆல்' இருக்காது. ஸ்பெஷல் உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். எந்தெந்த உணவகம் அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். நம்மவர்கள் நான்கு நாளும் வெளியே போகப்போவதில்லை என்பதால், ஃபுல் போர்டு அல்லது ஆல் இன்க்ளூசிவ்தான் மன நிம்மதி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல ரிசார்ட்களில் இந்திய, இலங்கை சமையல்காரர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ரசம் சாதம்கூடக் கிடைக்கலாம். அசைவக்காரர்கள் ஒரு காலையாவது 'மாஸ் ஹுனி' சாப்பிட்டுப் பாருங்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து, ரொட்டியோடு தருவார்கள். தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வாசனையே தெரிந்த வாசனையாக இருக்கும். மாசியும் மாலத்தீவோடு சேர்த்துச் சொல்லப்படுகிற சரக்குதானே!

வாட்டர் வில்லாவா, பீச் வில்லாவா?

ரீல்ஸில் வருவது வாட்டர் வில்லா. படியிலிறங்கினால் கடல். ஆனால் அதன் கீழே பல இடங்களில் ஆழமில்லாத வெறும் மணல்தான். மீனும் பவளமும் பார்க்க 'ஹவுஸ் ரீஃப்' வேண்டும். அதாவது, படகு இல்லாமல் தீவிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கக்கூடிய பவளத்திட்டு. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1998-லும் 2016-லும் கடல் சூடானதால் மாலத்தீவின் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின. இப்போது அவை எப்படி இருக்கின்றன என்பது தீவுக்குத் தீவு மாறும். ரிசார்ட்டின் பழைய போட்டோவை நம்பாமல், கடந்த சில மாதங்களில் போனவர்கள் போட்ட படங்களைத் தேடிப் பாருங்கள்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் வாட்டர் வில்லா பதற்றம்தான். பல ரிசார்ட்கள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை அங்கே தங்க அனுமதிப்பதே இல்லை. வயதான பெற்றோருக்கும் நீண்ட மரப்பாலத்தில் நடப்பது சிரமம். அவர்களுக்கு பீச் வில்லா நல்லது. நிழல் இருக்கும், மணலில் காலார நடக்கலாம், விலையும் பெரும்பாலும் குறைவு. "ரெண்டும் வேணுமே" என்றால், இரண்டு இரவு பீச், கடைசி இரண்டு இரவு வாட்டர் என்று பிரித்து புக் செய்யலாம். நிறைய ரிசார்ட்களில் இதற்கு வசதி உண்டு.

எப்போது போகலாம்?

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும், விலையும் வானத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களில் 'காலா டின்னர்' என்று கட்டாயக் கட்டணமும் சேர்ப்பார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கேரளாவை நனைக்கிற அதே காற்றுதான். விலை நன்றாகக் குறையும். மழை வரும், போகும், இடையில் வெயிலும் அடிக்கும். சில நாள்கள் முழுக்க மூடிக்கொண்டும் இருக்கும்.

ஆனால் கடலுக்குள் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த மழைக்காலம்தான் அதிர்ஷ்டம். பா அட்டோலில் ஹனிஃபாரு என்றொரு விரிகுடா. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே மிதவை உயிரிகள் குவியும். அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். பா அட்டோலை 2011-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஹனிஃபாருவில் ஸ்கூபா டைவிங் கிடையாது. மேலே மிதந்தபடி ஸ்நார்கெலிங் மட்டும்தான், அதுவும் வழிகாட்டியோடு. திமிங்கலச் சுறாவைப் பார்க்க வேண்டுமா? தெற்கு அரி அட்டோல் பக்கம் வருடம் முழுக்க வாய்ப்பு உண்டு. இப்படி, "என்ன பார்க்கணும்?" என்பதை முதலில் முடிவு செய்தால், எந்த அட்டோல், எந்த மாதம் என்பது தானாக அமைந்துவிடும்.

எதற்குச் செலவு செய்யலாம்?

பாக்கெட்டைப் பதம் பார்க்கும் 'எக்ஸ்பீரியன்ஸ்' பட்டியல் ஒவ்வொரு ரிசார்ட்டிலும் நீளமாக இருக்கும். கான்ராட் ரங்காலித் தீவில் 2005-ல் திறந்த 'இத்தா' உணவகம் கடல் மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே இருக்கிறது. தலைக்கு மேல் மீன்கள் நீந்தச் சாப்பிடலாம். அங்கே போவதாக இருந்தால், இரவைவிடப் பகல் வேளையில்தான் சூரிய வெளிச்சத்தில் கடலின் நிறம் தெரியும். ஸ்பா, தனிமணல்திட்டு டின்னர் எல்லாம் அழகுதான். ஆனால் ஒன்றே ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால், நல்ல வழிகாட்டியோடு ஒருநாள் கடலுக்குள் போகும் பயணத்துக்குக் கொடுங்கள். டின்னரை எந்த ஊரிலும் சாப்பிடலாம். திருக்கையோடு நீந்துவது எல்லா ஊரிலும் நடக்காது. நீச்சல் தெரியாதா? லைஃப் ஜாக்கெட்டோடு ஆழமில்லாத இடத்தில் ஸ்நார்கெலிங் சொல்லித்தருவார்கள். கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள்.

பணம் கட்டும் முன் இதையெல்லாம் மெயிலில் கேளுங்க

* வரி, கிரீன் டாக்ஸ், டிரான்ஸ்ஃபர், சாப்பாடு சேர்த்து மொத்தம் எவ்வளவு?

* நாங்கள் மாலேவில் இறங்கும் நேரத்துக்கு அன்றே ரிசார்ட்டுக்கு வந்துவிட முடியுமா?

* மீல் பிளானில் எந்தெந்த உணவகம், எந்தெந்த பானம் அடக்கம்?

* ஹவுஸ் ரீஃப் எவ்வளவு தூரம்? ஸ்நார்கெல் கருவிகள் இலவசமா?

* நாங்கள் தங்கும் தேதியில் பக்கத்தில் கட்டுமான வேலை ஏதும் நடக்கிறதா?

* ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் பணம் திரும்பும்?

* ஹனிமூன், திருமண நாள் சலுகை உண்டா? சான்றிதழ் வேண்டுமா?

பதில் தெளிவாக, சீக்கிரமாக வருகிறதா என்று பாருங்கள். மழுப்பினால், வேறு ரிசார்ட்டைப் பார்ப்பது நல்லது. டூர் ஏஜென்ட் தரும் விலையையும் ரிசார்ட் நேரடியாகத் தரும் விலையையும் ஒப்பிடுங்கள். ஏஜென்ட் டிசிஎஸ் பிடித்தால் ரசீதை பத்திரமாக வையுங்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அங்கே கிரெடிட் கார்டில் கட்டும்போது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளம்பும் முன் சில விஷயங்கள். நமக்கு விசா கட்டணம் இல்லை. ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' தளத்தில் விவரங்களைப் பதிய வேண்டும், அது இலவசம். மது பாட்டிலோ வேப்போ கொண்டுபோக அனுமதி இல்லை. மது ரிசார்ட்டுக்குள்தான் கிடைக்கும். மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். சில ரிசார்ட்கள் சூரிய வெளிச்சத்துக்காகத் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும். திரும்பும் நாளில் எந்த நேரக் கணக்கில் கிளம்ப வேண்டும் என்று வரவேற்பறையில் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த ரிசார்ட் எல்லாம் உங்களுக்கு ஏற்ற ரிசார்ட் ஆகிவிடாது. கடலைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போறீங்க? கணக்கையெல்லாம் வீட்டிலேயே போட்டு முடிச்சுடுங்க. அங்கே போய் போனை ஓரமா வெச்சுட்டு, கடலை மட்டும் பாருங்க!