உங்களுக்குத் தெரியுமா? குடிக்காமலே ஏறும் கடல் போதை

● கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அது கரையில் இருப்பதைப்போல 4 மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுக்கும் காற்றும் 4 மடங்கு அடர்த்தி. மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடும். சிலிண்டரும் சீக்கிரம் காலியாகும்.

● கரையில் நம்மை ஒன்றும் செய்யாத நைட்ரஜன், சுமார் 30 மீட்டருக்குக் கீழே மயக்க மருந்துபோல் மூளையை மந்தமாக்குகிறது. முக்குளிப்பவர் மீட்டரைப் பார்ப்பார். முள் எங்கே நிற்கிறது என்பது மனத்தில் பதியாது. மறுபடியும் பார்ப்பார். சிலருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும், சிலருக்குப் பயம். தான் தெளிவாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றும், ஆபத்தே அதுதான்.

● இந்தப் போதைக்கு மருந்து வேண்டாம். நிதானமாகச் சில மீட்டர் மேலே வந்தாலே தெளிந்துவிடும்.

● இந்தப் போதைக்கு நைட்ரஜனே காரணம் என்று 1935-இல் சொன்னவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்க்கி. 1939-இல், 70 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ‘ஸ்குவாலஸ்’ நீர்மூழ்கிக் கப்பலை மீட்கும் பணியில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் கலந்த ஆக்சிஜன் கைகொடுத்தது. முக்குளித்தவர்களின் தலை தெளிவாக இருந்தது.

● ஹீலியத்திலும் சிக்கல் உண்டு. குரல் கீச்சுக்குரலாகிவிடும். சுமார் 150 மீட்டரைத் தாண்டி வேகமாக இறங்கினால் கை நடுங்கத் தொடங்கும்.