சந்தைக்கு முன்னால் நம்ம அடுப்படி

போன வருஷம் ஆடி மாசம். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். ஊருக்கு வந்த நர்ஸம்மா ரத்தம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹீமோகுளோபின் 8.4 தாங்க இருக்கு, 11 இருக்கணும். ஊருக்கெல்லாம் நஞ்சில்லாத சோறு அனுப்புறீங்க, உங்க வீட்டுப் பொண்ணுக்கு ரத்தம் இல்லையே?"

சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக மூணு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறோம். ஆனால் கம்பு, பாரம்பரிய அரிசி, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை எல்லாம் நல்ல விலைக்கு டவுனுக்குப் போய்விடும். வீட்டு உலையில் கொதித்ததோ கடையில் வாங்கிய பாலிஷ் அரிசி. அந்தப் பிள்ளையும் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சமிருக்கும் ரசத்தை ஊற்றிச் சாப்பிடும். கேட்டால், "பசிக்கல அத்தை" என்று சொல்லிவிடும். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதனால் அது தப்பாகவே தெரியவில்லை.

ரத்தச்சோகை என்றால் தாய்க்கு அசதி, பிரசவத்தில் ஆபத்து என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். குழந்தையின் மனசையும் அது தொடும் என்பது பிறகுதான் புரிந்தது. கடைசி மூன்று மாதங்களில்தான் கருவிலுள்ள குழந்தை தாயிடமிருந்து இரும்புச்சத்தை அதிகமாக வாங்கிச் சேமிக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. பிறந்து ஏறக்குறைய ஆறு மாதம் அந்தச் சேமிப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நரம்புகளுக்கு மேலுறை அமையவும், ஆர்வத்துக்கும் மகிழ்ச்சிக்கும் வேண்டிய டோபமின் மூளையில் சுரக்கவும் இரும்பு தேவை.

மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா நாட்டில் பெட்சி லோசாஃப் என்ற குழந்தை மருத்துவரும் குழுவினரும் 1980-களில் இரும்புக் குறைபாடுள்ள சின்னக் குழந்தைகளைக் கவனித்தார்கள். அந்தக் குழந்தைகள் அம்மாவை விட்டு நகரவில்லை, புதியதைத் தொடத் தயங்கின, சிரிப்பும் குறைவு. மருந்து கொடுத்து ரத்தச்சோகை தீர்ந்தும், பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது பதற்றமும் கவனச் சிதறலும் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தன. அது பிறந்த பிறகு வந்த குறைபாட்டைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் சேமிப்பு தொடங்குவது வயிற்றில் அல்லவா?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 52.2 சதவீதக் கர்ப்பிணிகளுக்கு ரத்தச்சோகை.

அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். விளைந்ததில் முதல் பங்கு அடுப்படிக்கு, மிச்சம்தான் சந்தைக்கு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் ஒன்றுகூடத் தேறாது. கம்பஞ்சோறு, கீரை, பயறு, எள்ளுருண்டை, தினமும் முட்டை, வாரம் ஒருநாள் சுவரொட்டி என்று மாற்றினோம். கீரையோடும் பயறோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் சேராது.

ஒன்றை அழுத்திச் சொல்லணும். "நாம இயற்கை விவசாயி, மாத்திரை எதுக்கு?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அது தப்பு. அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 8.4-ல் இருப்பவரைச் சாப்பாடு மட்டும் சீக்கிரம் தூக்கி நிறுத்தாது. நர்ஸம்மாவும் டாக்டரும் சொன்னபடி மருமகள் ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டாள். ஒன்பதாம் மாதம் 10.6 வந்தது.

இப்போது பேரனுக்கு எட்டு மாதம். யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறான். அதற்குக் கம்பும் கீரையும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். பிள்ளை மனசு வளர அன்பும் நிம்மதியும் வேண்டும், அம்மாவுக்குத் தூக்கமும் வேண்டும். பிள்ளை மந்தமாக இருந்தால் பெற்றவள் மேல் பழி போடவும் கூடாது. அவள் தட்டில் என்ன விழுகிறது என்பது குடும்பத்தின் பொறுப்பு.

எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லைத் தொடமாட்டோம், தனியாக எடுத்து வைப்போம். மாசமாக இருக்கும் பெண்ணின் பங்கையும் அப்படியே எடுத்து வையுங்கள். இன்று இரவு அவளை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.