ஆமைக்கும் வேண்டும் வெயில்

தாராவியின் குறுகிய சந்துகளில் நண்பகலிலும் விளக்கெரியும் வீடுகள் பல. அத்தகைய அறையில், கண்ணாடித் தொட்டியில் வளரும் சிவப்புக்காது ஆமை உணவை மறுத்து ஒடுங்கிக் கிடந்தால், அதனைச் சோம்பல் என எண்ணிவிடலாகாது.

ஆமையின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. உடல் குளிர்ந்தால் செரிமானம் தளரும்; பசி குன்றும். வெயிலில் கழுத்தையும் கால்களையும் நீட்டிக் கிடப்பது நோயன்று, வெப்பம் பெறும் முறையே. ஆனால், ஒருபுறம் சாய்ந்து நீந்துவதும் வாய் திறந்து மூச்சுவிடுவதும் நுரையீரல் தொற்றின் அறிகுறிகளாகலாம்; கால்நடை மருத்துவரை உடனே நாட வேண்டும்.

கதிரவனின் புறஊதா-பி கதிர்களால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகிறது. அது குறைந்தால் ஓடு மென்மையாகிவிடும். சன்னல் கண்ணாடி இக்கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடும். குண்டு பல்பு வெப்பம் தருமேயன்றி இவற்றைத் தராது. ஆகவே, நீருக்கு மேலே உலர்ந்த மேடையும், அங்கே ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும், தனியே புறஊதா-பி விளக்கும் தேவை. நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் எரியும் அவ்விளக்கின் ஒளி மங்காவிடினும் கதிர்கள் குன்றிவிடும். ஆண்டுக்கொருமுறையேனும் மாற்றுதல் நன்று. தொட்டியை நேர்வெயிலில் வைத்தலோ ஆபத்து. நீர் விரைவில் கொதிப்பேறும்.

நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிவப்புக்காது ஆமையோ 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. சலித்தபின் மித்தி ஆற்றில் விட்டால், நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். வாங்குமுன், நம் வீட்டில் அதற்கு வெயிலுண்டா என எண்ணிப் பார்த்தல் நலம்.