வாய்க்கால் கரையில் சைக்கிள்: தார் கேட்க வேண்டாம், நல்ல கிராவல் கேட்போம்



ரோடு வேண்டும் என்று மனு எழுதாத குழு நம் கூட்டமைப்பில் இருக்காது. பஸ் வர, ஆம்புலன்ஸ் வர ஊருக்குத் தார் ரோடு கட்டாயம் வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்த இதழில் பேசப்போவது வேறு ஒரு பாதையைப் பற்றி. லாரி இல்லை, பஸ் இல்லை, மூச்சு வாங்குகிற மேடும் இல்லை. நம் ஊர்களை ஒட்டியே போகிறது. கீழ்பவானி வாய்க்கால் கரையைத்தான் சொல்கிறோம்.

பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து புறப்படும் இந்த வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் தருகிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கரை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறோமா?

வாய்க்காலில் மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாகவே இறங்கி ஓட வேண்டும். வேகமாக இறங்கினால் மண்ணை அரித்துவிடும்; சீக்கிரமே பள்ளத்துக்கும் போய்விடும், அப்புறம் கடைமடை வயலுக்கு ஏறாது. அதனால் கண்ணுக்கே தெரியாத சரிவு கொடுத்து, மேடு வந்தால் அதைச் சுற்றி வளைத்து வெட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்காகப் பார்த்த அந்தச் சமம் சைக்கிள் மிதிக்கிற நம் காலுக்கும் உதவுகிறது. கேரியரில் ஒரு சிப்பம் தீவனம் இருந்தாலும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. ஒன்று மட்டும் உண்மை: வளைந்து போவதால் தூரம் கூடும். ரோட்டில் 5 கிலோமீட்டர் என்றால் கரையில் 6 அல்லது 7 ஆகலாம். நிதானமாக மிதித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இதைப் பற்றி எழுத என்ன அவசரம் என்று கேட்பீர்கள். எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள்தான் காரணம். ஊர் நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளி நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அரசு கொடுக்கும் சைக்கிள் பிளஸ் 1 படிக்கும்போதுதான் கைக்கு வரும். இடையில் ஒன்பதும் பத்தும்? டிப்பரும் மில் வண்டியும் பறக்கிற ரோட்டில் பிள்ளையைச் சைக்கிளில் விட எந்தத் தாய்க்கும் மனசு வராது. "ஏனுங்க அம்மிணி, படிப்பு முக்கியமா, உசுரு முக்கியமா?" என்று ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். இரண்டும் முக்கியம்தான். அதற்குத்தான் லாரி வராத பாதையைத் தேடுகிறோம்.

சரி, கரை மேலேயும் தார் போட்டுவிட்டால் நல்லதுதானே? கூட்டத்தில் முதலில் வருகிற யோசனை இதுதான். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறோம். தார் போட்டால் குறுக்கு வழி கிடைத்தது என்று கார் வரும், பின்னாலேயே மண் லோடு வரும். எந்த லாரிக்குப் பயந்து இங்கே வந்தோமோ அதே லாரி கரைக்கும் வந்துவிடும். பாரம் ஏறினால் கரைக்கும் ஆகாது. கரை உடைந்தால் யார் வயல் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிராவல் ரோட்டில் சைக்கிளும் டி.வி.எஸ். வண்டியும் சௌகரியமாகப் போகும். பெரிய வண்டிக்கு வேகம் எடுக்காது. அதுதான் நமக்கு வேண்டியது.

ஆனால் கிராவல் என்ற பேரில் எதைக் கொட்டினாலும் வாங்கிக்கொள்ளக் கூடாது. வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டு அப்படியே விட்டுப்போன ரோடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அதில் சைக்கிள் மிதிக்கவும் முடியாது, செருப்பில்லாமல் நடக்கவும் முடியாது. சைக்கிளுக்கு ஏற்ற கிராவல் என்பது பொடிக்கல்லும் செம்மண்ணும் கலந்தது. கல் மட்டும் இருந்தால் உருளும், மண் மட்டும் இருந்தால் மழைக்குச் சேறாகும். இரண்டும் கலந்ததைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு அழுத்தினால்தான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் மாட்டு முதுகு போலக் கொஞ்சம் உயரம் வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நடுப்பாதையில் நின்று குழியாகிவிடும். வேலை நடக்கும்போது இரண்டு உறுப்பினர்கள் போய்ப் பார்த்தாலே போதும். ரோலர் வந்ததா, தண்ணீர் தெளித்தார்களா என்று பார்க்க இன்ஜினியர் படிப்பு வேண்டாம். இன்னொன்றையும் கவனிக்கவும்: கரையைச் சுரண்டி எடுத்த மண்ணையே கரை மேல் போடக் கூடாது. நிழல் தருகிற மரத்தையும் வெட்ட விடக் கூடாது. சித்திரை வெயிலில் அந்த மரம்தான் பாதை.

வண்டி இல்லாத பாதையில் ஆளும் இருக்க மாட்டார்களே, பெண் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? நியாயமான கேள்வி. இதை மூடி மறைத்துப் பாதையின் நல்லதை மட்டும் சொல்வது சரியல்ல. ரோட்டில் லாரிக்குப் பயம், கரையில் தனிமைக்குப் பயம். பொழுது சாய்ந்த பிறகு பாலத்தடியில் உட்கார்ந்து குடிக்கிற கூட்டம் சில இடங்களில் இருக்கிறது. ஆகவே தனியாகப் போவது வேண்டாம். பிள்ளைகள் நாலைந்து பேராக, ஒரே நேரத்துக்குக் கிளம்பட்டும். பால் ஊற்றப் போகிறவர்கள், களை எடுக்கப் போகிறவர்கள் எந்த நேரத்தில் கரையில் இருப்பார்கள் என்று பார்த்து அந்த நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். இருட்டுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிற நாளில் பஸ்தான். தொந்தரவு ஏற்பட்டால் 1098 குழந்தைகளுக்கான எண், 181 பெண்களுக்கான எண். இரண்டையும் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதி வையுங்கள். தினமும் இருபது சைக்கிள் போகிற கரையில் வீணர்கள் உட்கார யோசிப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். ஆனால் முதல் மாதம் அந்த இருபது சைக்கிள் இருக்காது. அந்த மாதம் குழு உறுப்பினர்கள் முறை வைத்துக் கூடப் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது தண்ணீர். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் திறந்தால் 120 நாள் ஓடும், பிறகு தை மாதத்தை ஒட்டி அடுத்த முறை. தண்ணீர் ஓடும் நாட்களில் வாய்க்கால் பக்கம் ஒட்டி ஓட்டாமல் வயல் பக்கமாகவே ஓட்டப் பழக்குங்கள். கான்கிரீட் போட்ட இடத்தில் விழுந்தால் பாசி வழுக்கி ஏற முடியாது. யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கக் கூடாது. சேலையோ துப்பட்டாவோ கயிறோ வீசி, தான் தரையில் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். குதித்து இருவரும் போன கதைகள் வாய்க்கால் ஓரத்து ஊர்களுக்குப் புதிதல்ல.

கிராவலில் ஓட்டுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். தார் ரோட்டில் ஓட்டுவது போல டயரில் கல்லாகக் காற்று அடிக்க வேண்டாம். கொஞ்சம் குறைவாக இருந்தால் குலுக்கல் குறையும், பிடிப்பும் கிடைக்கும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் சறுக்கி ஆள் கீழே. பின் பிரேக்கை முதலில் பிடிக்க வேண்டும். புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் வளைவில் இழுத்துவிடும், கேரியரில் கட்டுங்கள். சேலை கட்டி ஓட்டுகிறவர்கள் செயின் கவரும் பின்சக்கரத்துக்கு வலையும் போட்டுக்கொள்வது அவசியம்.

நமக்கு இந்த வயதில் சைக்கிளா என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. குவாரியில் கல் உடைத்தவர்களும் ஓட்டினார்கள், அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓட்டினார்கள். பலர் லேடீஸ் சைக்கிளை விட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்களாம். முன்னால் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்க உள்கடன் கேட்டால், அதைச் செலவுக் கடன் என்று தள்ளிப்போடும் குழுக்கள் உண்டு. பத்து மாதத் தவணையில் அடைகிற சிறு கடன்தான். பழைய சைக்கிளை வாங்கி டயர் டியூப் மாற்றினால் இன்னும் குறையும். ஊக்குநர்கள் இதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.

பாதையைக் கேட்பது எப்படி? வாய்க்கால் கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம். 2021 வரை பொதுப்பணித் துறையோடு சேர்ந்திருந்தது, அதனால் பலர் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றே சொல்கிறோம். துறையின் அனுமதி இல்லாமல் ஊராட்சி தன் விருப்பத்துக்கு வேலை செய்ய முடியாது. ஆகவே கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலைத் துறையின் உதவி செயற்பொறியாளருக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முன்பே பாசன சங்கத்துக்காரர்களிடம் பேசிவிடுங்கள். கரைக்கு ஆபத்து வருமோ என்று அவர்கள் பயப்படுவது சரியான பயம். தார் கேட்கவில்லை, கரையைத் தோண்டவில்லை என்று தெரிந்தால் எதிர்ப்பு குறையும்.

மனுவில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும். எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை என்று எழுதுங்கள். மொத்தக் கரைக்கும் கேட்டால் எதுவும் நடக்காது. ரோலர் விட்டு அழுத்திய கிராவல் என்று எழுதுங்கள். பாதை தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் மூன்றடி இடைவெளியில் கல் நடச் சொல்லுங்கள். சைக்கிள் நுழையும், டிப்பர் நுழையாது. துறை ஜீப் வருவதற்கு ஒரு கல்லுக்குப் பதில் கழற்றக்கூடிய, பூட்டுப் போட்ட கம்பி வைத்து, சாவியைத் துறையிடமே கொடுத்துவிடலாம். மனு கொடுத்த குழுக்கள் தேதியையும் ரசீது எண்ணையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு எங்களுக்கும் தெரிவியுங்கள்.