கணினித் திரையில் ஓர் உயில்

உயில் என்று சொன்னாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். விளக்கு வைத்த வேளையில் சாவுப் பேச்சா என்று அதட்டுவார்கள். ஆயினும் நண்பர்களே, அந்தப் பேச்சு இன்று நம் விடுதி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. இணையத்தின் வழியே உயில் எழுதித் தருவதாகப் பல நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. “தம்பி, கம்ப்யூட்டர் தெரிந்தவன் நீதானே, அதை என்னவென்று பார்” என ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் அழைத்தால் நாம் என்ன செய்வது?

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த அறிவுடைய எவரும் உயில் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவு கட்டாயமன்று, வக்கீல்தான் எழுத வேண்டும் என்பதுமில்லை. இத்தனை எளிய காரியத்தை நம்மவர் தள்ளிப்போடுவதற்குக் காரணம் கூச்சமே. திரையோ கூச்சமின்றிக் கேட்கிறது: வீடு எத்தனை, நிலம் எங்கே, எந்த வங்கியில் என்ன இருக்கிறது, நகை யாரிடம்? கேட்கக் கேட்க மறந்தவை நினைவுக்கு வருகின்றன. பத்தாண்டுகள் எவரும் தீண்டாத வங்கி வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. அத்தகைய தொகைகளைத் தேடுவதற்கென்றே 2023-இல் ‘உத்கம்’ என்ற இணையத்தளத்தை அவ்வங்கி தொடங்கிற்று. அப்பா ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தால் இந்தத் தேடலுக்கு இடமேது?

ஆனால் திரையில் எழுதுவது உயிலாகிவிடுமா? ஆகாது. மின்னணு ஆவணங்களுக்கு மதிப்பளித்த 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2001-லேயே மின்னணு உயிலை ஏற்றது. இங்கிலாந்தில் கொரோனாக் காலத்தை ஒட்டி, 2024 ஜனவரி வரையில், காணொளி வழியே சாட்சி நிற்க இடமளித்தனர். நம் நாட்டில் இரண்டும் இல்லை. அச்செடுத்த தாளில் எழுதுபவர் கையொப்பமிட வேண்டும். அதை நேரில் கண்ட, அல்லது அது தம் கையொப்பமே என்று அவர் சொல்லக் கேட்ட இருவர், அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண் கையொப்பம் ஆகாது. பணம் கட்டி, அழகிய கோப்பைப் பெற்று, அதை மின்னஞ்சலிலேயே உறங்கவிட்டவர் உயில் எழுதாதவரே!

நாமினியை இணையத்தில் பதிந்தாயிற்றே, போதாதா என்பாரும் உண்டு. போதாது. பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் அவற்றைப் பெற்றுக்கொள்பவரே அன்றி, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, இங்கு வாழும் தமிழருக்கே உரிய சிக்கல் ஒன்று. கரமனையிலோ சாலைக் கடைத்தெருவிலோ தலைமுறையாக வாழும் இந்துக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வீடு இங்கே, பூர்விக நிலம் திருநெல்வேலியில். கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவர் தம் பங்கை மட்டுமே உயிலில் தர முடியும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் தொல்லை. கேரளம் 1975-இல் இயற்றி, 1976 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. தமிழ்நாடோ அம்முறையை ஒழிக்காமல், 1989-இல் மகளுக்கும் அதில் பிறப்புரிமை தந்தது. 2005-இல் மத்தியச் சட்டமும் அவ்வாறே திருந்திற்று. கேரளச் சட்டத்தின் இரு பிரிவுகள் அந்தத் திருத்தத்துக்கு முரணானவை என்று 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. ‘பூர்விகச் சொத்தா? ஆம், இல்லை’ என்று ஒரே வரியில் கேட்கும் படிவம் இத்தனையையும் எங்ஙனம் அறியும்? முஸ்லிம் நண்பர்களுக்கோ வேறு விதி. மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் தர இயலாது. மதம் எது என்றே கேளாத படிவத்தைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். நிபந்தனையை விட்டுவிட்டுத் தேற்றத்தை மட்டும் எழுதுவது போன்றது அது.

இவை எல்லாவற்றிலும் பெரிதாக எனக்குப் படுவது வேறு. தட்டச்சு செய்யும் கை யாருடையது? வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் எடுத்தாளப்படுகிறது. உயிலால் பெரும்பயன் அடைபவரே அதை உருவாக்குவதில் முன்னின்றால் அஃது ஐயத்துக்குரிய சூழ்நிலை. அந்த ஐயத்தை நீக்கும் பொறுப்பும் அவருடையதே. மகன் தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, தன் அட்டையில் பணம் கட்டி, தன் கைப்பேசியில் ஓடிபி பெற்று, அப்பாவுக்காக நிரப்புகிறான் என்று வையுங்கள். வீடு அவனுக்கே என்று அதில் இருந்தால், நாளை அக்காள் வழக்காடும்போது இவ்வளவும் அவனுக்கு எதிராக எழுந்து நிற்கும். அவன் மனத்தில் சூதே இல்லாதிருக்கலாம். அதை மெய்ப்பிக்க அப்பா இருக்கமாட்டாரே!

ஆகவே பட்டியல் தயாரிப்பதோடு நம் வேலை நிற்கட்டும். யாருக்கு எது என்பதை அப்பாவே, தமக்குத் தெரிந்த மொழியில், நாம் இல்லாத வேளையில் சொல்லட்டும் அல்லது எழுதட்டும். ஈரூர்ச் சொத்து இருந்தால் ஒரு வக்கீல் பார்வையிடட்டும். அந்தச் செலவு பின்னர் வரும் வழக்குச் செலவின் முன் ஒன்றுமில்லை. சாட்சிகள் உயிலால் பயன் பெறாதவராகவும், அப்பாவைவிட இளையவராகவும் இருத்தல் நன்று. பிற்காலத்தில் நீதிமன்றம் தேடுவது அவர்களைத்தான். வீட்டில் வைக்க அஞ்சினால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது.